பல்கலைக் கழக வாயிலில் நின்றுவிடும் தமிழ்

யாழ்ப்பாணப் பல்கலைக் கழகம் 2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஐம்பதாண்டு நிறைவை எய்தியது. நிறைவு விழா வருங்கால் மலர் வெளியிடுதலும், பொன்னாடை போர்த்துதலும், ஒருவரையொருவர் வாழ்த்துதலும் நம்மவர்க்குக் கைவந்த கலைகள். அவை நிகழ்க. ஆயின், ஒரு பல்கலைக் கழகம் தன் நெடுநோக்கை நோக்கி எவ்வளவு தூரம் நடந்துள்ளது என்பதை மலரின் கனத்தைக் கொண்டு நிறுத்தல் இயலாது. அது எதன்பொருட்டு வேண்டப்பட்டதோ, அதனையே அளவுகோலாகக் கொள்ளுதல் முறை.

நம் நாட்டில் தமிழ்மக்களுக்கெனப் பல்கலைக் கழகம் ஒன்று வேண்டும் என்ற வேட்கை 1974இல் முளைத்ததன்று. திருகோணமலையிலா, யாழ்ப்பாணத்திலா என்று பல்லாண்டு வாதாடினோம். அவ்வாதத்திலே வெளிச்சத்தினும் வெப்பமே மிகுந்திருந்தது. எனினும், இடம்பற்றி மாறுபட்டோருட் பலர் நோக்கம்பற்றி மாறுபட்டாரல்லர். உயர்ந்த அறிவு தமிழிலே கற்கப்படல் வேண்டும். தமிழிலே ஆராயப்படல் வேண்டும். கற்றவை ஊருக்கு மீளல் வேண்டும். அவர்கள் விழைந்தது இதுவே.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் திருநெல்வேலி வளாகத்தில், இலங்கைப் பல்கலைக் கழகத்தின் ஒரு வளாகமாக இது தொடங்கியது. பேராசிரியர் க. கைலாசபதி முதற் தலைவராய் அமர்ந்தார். 1978இல் மருத்துவ பீடம் தோன்றியது. 1979இல் தனிப் பல்கலைக் கழகமாயிற்று. பின்னர் கிளிநொச்சியில் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் அமைந்தன. வவுனியா வளாகம் வளர்ந்து 2021இல் தானே ஒரு பல்கலைக் கழகமாய்ப் பிரிந்தது. இவ்வளவும் போரினூடே, 1995இன் பேரிடப்பெயர்வினூடே காக்கப்பட்டவை என்பதை நினையாது எவரும் குறைகூறப் புகுதல் அறமன்று. விளக்கு வெளிச்சமின்றியும், நூலும் தாளுமின்றியும் பாடம் நடத்திய ஆசிரியர்களை இந்நாடு மறத்தலாகாது.

கலைத்துறைகளிலே முன்னைய நோக்கம் ஓரளவு நிறைவேறிற்று எனலாம். கைலாசபதி பல்கலைக் கழகம் புகுமுன் தினகரன் ஆசிரியராய் விளங்கியவர். பேராசிரியர்கள் சு. வித்தியானந்தன், கா. சிவத்தம்பி முதலியோரும் தம் ஆராய்ச்சியைத் தமிழிலே, பொதுமக்கள் படிக்குமாறு எழுதினர். அவர்களோடு எமக்குக் கருத்து வேறுபாடுகள் உண்டு. மரபிலக்கியத்தை அவர்களுட் சிலர் அளந்த முழக்கோல் எமக்கு உடன்பாடன்று. ஆயினும் வாதிடுதற்கு அவர்கள் நூல்கள் நம் கையிலே இருந்தன. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்களுக்கு இலக்கிய கலாநிதிப் பட்டம் அளித்த பல்கலைக் கழகமும் இதுவே. பழைய கல்விமரபும் புதிய கல்விமரபும் ஒரே மேடையில் நின்ற நாள் அது.

விஞ்ஞானத் துறைகளின் நிலை வேறு. நம் பிள்ளை ஒருவன் கல்விப் பொதுத் தராதர உயர்தர வகுப்புவரை பௌதிகவியலையும் இரசாயனவியலையும் உயிரியலையும் தமிழிலே கற்கின்றான். ஒளித்தொகுப்பு என்று சொல்லிக் கற்றதை, பல்கலைக் கழகம் புகுந்த முதல் வாரத்திலே வேறு பெயரால் அறிகின்றான். பதின்மூன்று ஆண்டு பயின்ற சொற்கள் வாயிலிலே கழற்றி வைத்த செருப்புப்போற் கிடக்கின்றன. திரும்புங்கால் அவற்றைத் தேடி எடுப்பாரும் இலர். அவன் மருத்துவனாகின்றான், பொறியியலாளனாகின்றான். தன் தாய்க்கு அவளுடைய நோயின் தன்மையை விளக்கப் புகும்போது சொல் வாராது தடுமாறுகின்றான்.

ஆங்கிலம் வேண்டா என்பார் அல்லேம். உலகத்து ஆராய்ச்சி பெரும்பாலும் அம்மொழியிலே நடைபெறுகின்றது. அதனை அறியாத விஞ்ஞானி கிணற்றுத் தவளையாவான். நாம் கேட்பது வேறு. கலைச்சொல் என்பது அகராதியில் அச்சிட்டவுடன் உயிர்பெறும் பொருளன்று. அதனைப் புதிய பொருளோடு பொருத்திப் பார்த்து, பொருந்தாதவிடத்து மாற்றி, நாள்தோறும் வழங்குவோர் வேண்டும். அவ்வாறு வழங்குதற்குரியோர் ஆராய்ச்சி செய்வோரே. அவர்கள் கைவிட்டவிடத்துப் பாடசாலைத் தமிழ் முப்பதாண்டுக்கு முந்திய அறிவையே சொல்லிக் கொண்டிருக்கும். புதிதாய்க் கண்டவற்றுக்குப் பெயரிடும் பொறுப்பும் பாடநூல் மொழிபெயர்ப்பாளர் தலையிலே விழும்.

இது தமிழால் ஆகாது என்பார்க்கு மானிப்பாயைக் காட்டுவோம். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மேனாட்டு வைத்தியத்தை இந்நாட்டு இளைஞர்க்குக் கற்பிக்கப் புகுந்த அவர், தொடக்கத்தில் ஆங்கிலத்திலே கற்பித்தார். பின்னர் 1864 தொட்டுத் தமிழிலே கற்பிக்கத் துணிந்தார். நூல் இல்லையே என்று கைகட்டி நின்றிலர். மாணாக்கர் துணையோடு நூல்களை ஆக்கினார். இரணவைத்தியம், மனுஷாங்காதிபாதம், கெமிஸ்தம் முதலியன அவ்வாறு எழுந்தவை. பெயர்களைக் கேட்டு இன்றைய இளைஞர் நகைப்பர். அவற்றில் வடசொல் மிகுதி என்பது எம் கருத்துமாம். ஆயினும் பிறநாட்டார் ஒருவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு சிற்றூர் வைத்தியசாலையிலிருந்து செய்த வேலை அது. சுவாமி விபுலாநந்தர் 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை பூண்டதும், நம் அரசகரும மொழித் திணைக்களம் பின்னாளில் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டதும் அவ்வழியின் தொடர்ச்சியே. 1960இல் இலங்கைப் பல்கலைக் கழகத்துக் கலைப்பீடத்தில் தாய்மொழிக் கல்வி புகுந்தபோது, விஞ்ஞானமும் விரைவிற் பின்தொடரும் என்றே பலரும் நம்பினர். பின்தொடரவில்லை.

இனி ஆய்வேடுகளின் நிலை. முதுகலைப் பட்டத்துக்கும் கலாநிதிப் பட்டத்துக்கும் எழுதப்பட்டவை பல்கலைக் கழக நூலகத்து அலுமாரிகளிலே உள்ளன. கோயில், குளம், கூத்து, வழக்குச்சொல், சாசனம் என்று நம் ஊர்களைப் பற்றியே எழுதப்பட்டவை அவற்றுட் பல, அச்சேறியவை சில. கிளிநொச்சியிலுள்ள ஆசிரியர் ஒருவர் தம் ஊர் வரலாறு பற்றிய ஆய்வேட்டைப் படிக்கத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறவேண்டுமாயின், அந்த ஆராய்ச்சி யாருக்காகச் செய்யப்பட்டது? 2005இல் தன்னார்வ இளைஞர் சிலர் தொடங்கிய நூலகம் என்னும் இணையத் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எவரும் எங்கிருந்தும் படிக்குமாறு திரட்டி வைத்துள்ளது. பெருநிறுவனங்கள் செய்திருக்க வேண்டியதை அவர்கள் செய்து காட்டினர்.

பல்கலைக் கழகத்தார் முன்னே இரண்டு வேண்டுகோள்களை வைக்கின்றோம். எப்பீடத்தில் எம்மொழியில் ஆய்வேடு எழுதப்படினும், பத்துப் பக்க அளவில் அதன் பொருளைத் தமிழிற் சுருக்கி எழுதி உடன் ஒப்படைத்தல் வேண்டும் என விதி செய்க. அச்சுருக்கங்களை ஆண்டுதோறும் தொகுத்துப் பாடசாலைகளுக்கு அனுப்புக. ஆங்கில ஆய்விதழிலே கட்டுரை எழுதுவார்க்கு உள்ள மதிப்பை, தமிழிலே தரமான பாடநூல் எழுதுவார்க்கும் பதவியுயர்வில் அளித்திடுக. மதிப்பு இல்லாத வேலையை விரிவுரையாளர் எவ்வளவு காலம் அன்பினால் மட்டும் செய்வார்?

சுருக்கம் எழுதுவார்க்குச் சொல் தட்டுப்படும். அதற்கும் ஆள் உண்டு. ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்களும், சொல்லாராய்ச்சியிற் பழகிய பண்டிதர்களும் வடக்கிலும் கிழக்கிலும் இன்னும் இருக்கின்றனர். மாதத்துக்கு ஒருமுறை விஞ்ஞான பீடத்தாரும் தமிழ்த்துறையாரும் அவர்களை அழைத்து ஒரு மேசையைச் சுற்றி இருத்துவார்களாயின், கூலி கேளாமலே வருவர்.