வெட்டியபின் தைக்க முடியாது

முழங்கால் மெனிஸ்கஸ் ஜவ்வு கிழிந்தால் தைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்காருவானேன், வெட்டியெறிந்துவிட்டுச் சில வாரங்களில் களமிறங்கலாமே என்கிறார் நண்பர். கூடைப்பந்து வீரர் டெரிக் ரோஸை வேறு சாட்சிக்கு அழைக்கிறார்: 2013இல் தைத்தார், அந்த சீசனே போனது, 2015இல் அதே முழங்காலில் மறுபடி கிழிசல். உண்மைதான், தையல் விடுவதுண்டு. விட்டால் அப்போது வெட்டலாம். ரோஸும் அதைத்தான் செய்தார். முதலிலேயே வெட்டியவருக்கு அந்த இரண்டாம் வழி ஏது?

ஜவ்வு இல்லாமல் போனால் என்னவாகும் என்பதற்குச் சாட்சியான பிராண்டன் ராயை நண்பர் ஏனோ மறந்துவிட்டார். இரு முழங்கால்களிலும் ஜவ்வு போய், 2011இல் 27 வயதில் ஓய்வை அறிவித்த கூடைப்பந்து நட்சத்திரம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தார், ஐந்தே ஆட்டங்கள்.

ரத்த ஓட்டமுள்ள வெளியோரக் கிழிசல் ஆறும். உட்புறக் கிழிசல் எளிதில் ஆறாது. அங்கே வெட்டட்டும், மறுக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லவேண்டியது ஸ்கேன், போட்டி அட்டவணை அல்ல.