கப்பல் பாதி, கார் பாதி! யாருக்கு விற்பது?

புதிதாக மோட்டார் வாங்கினால் நாம் என்ன செய்கிறோம்? மாலை போடுகிறோம். சந்தனம், குங்குமம் வைக்கிறோம். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்குகிறோம். சிறுவாச்சூர் மதுரகாளியம்மனைக் கும்பிட வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் வீட்டு வண்டியும் இப்படித்தான் சாலைக்கு வந்திருக்கும்.

ஆனால், பழைய வண்டியை வழியனுப்ப நம்மிடம் சடங்கு எதுவும் கிடையாது. காயலான் கடைதான்! அந்தக் காலத்துப் பாட்டி என்றால் பேரீச்சம்பழத்துக்குப் போட்டிருப்பாள்.

சாதாரண வண்டிக்கு அது போதும். பழைய வண்டிகளை ஆசையாகச் சேர்த்து வைத்திருக்கும் பெரியவர்கள் என்ன செய்வது? வாங்கியபோது வயது முப்பது. இப்போது எழுபத்தைந்து. கிளட்சை மிதித்தால் முழங்கால் வலிக்கிறது. மகன் வெளிநாட்டில். பேரனுக்கு வண்டியின் பெயர்கூடத் தெரியாது.

விற்றுவிடுங்கள் என்பதே என் கட்சி. கை, கால் நன்றாக இருக்கும்போதே விற்றுவிடுங்கள். யாருக்கு விற்பது, எப்படி விற்பது என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

தண்ணீரில் ஓடிய ஜீப்

இரண்டாவது உலகப் போரின்போது அமெரிக்காவின் போர்டு கம்பெனி ஒரு விசித்திர ஜீப்பைச் செய்தது. அடிப்பாகம் படகு மாதிரி இருக்கும். தரையில் சக்கரம் சுழலும். தண்ணீரில் இறங்கினால், பின்னால் உள்ள விசிறி சுழன்று வண்டியைத் தள்ளும். இரண்டுக்கும் ஒரே என்ஜின்தான். 1942, 1943-ம் ஆண்டுகளில் 12,778 வண்டிகள் செய்தார்கள். சிப்பாய்களுக்கு அதைப் பிடிக்கவில்லை. பாரம் அதிகம். அலை சற்று உயர்ந்தாலே உள்ளே தண்ணீர் வந்துவிடும்.

(பெரம்பலூர்ப் பக்கத்தில் அதற்கு வேலை உண்டா என்று கேட்கலாம். சாத்தனூர்க் கல்மரம் நிற்கும் பூமி, சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலாக இருந்தது. வண்டி வரத்தான் கொஞ்சம் தாமதமாகிவிட்டது!)

பென் கார்லின் என்ற ஆஸ்திரேலியர், போரின்போது இந்திய ராணுவத்தில் என்ஜினீயராக இருந்தவர். போர் முடிந்த சமயம், வங்காளத்தில் கலைகுண்டா விமானத் தளத்தில் இந்த ஜீப்பைப் பார்த்தார். "இதில் உலகத்தையே சுற்றலாமே!" என்று தோன்றியது. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அமெரிக்காவில் ஒரு ஜீப்பை வாங்கினார். மேலே கூண்டு கட்டினார். முன்பக்கத்தை நீட்டினார். பெட்ரோல் தொட்டிகளைச் சேர்த்தார். "பாதிப் பத்திரம்" என்று பொருள்படும் பெயரை ஆங்கிலத்தில் வைத்தார். நேர்மையான மனிதர்!

1950-ல் மனைவியுடன் கானடாவிலிருந்து அட்லாண்டிக் கடலில் இறங்கினார். பிறகு கல்கத்தாவுக்கும் வந்தார். அதற்கு மேல் மனைவியால் தாங்க முடியவில்லை, விலகிவிட்டார். கார்லின் விடவில்லை. 1958-ல் கானடாவுக்கே திரும்பினார். கடலில் சுமார் 17,000 கிலோமீட்டர், தரையில் சுமார் 62,000 கிலோமீட்டர்! 1981-ல் அவர் காலமானார். ஜீப், பெர்த் நகரில் அவர் படித்த பள்ளிக்கூடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

கழற்றாதீர்கள்!

அந்தக் கூண்டையும் தொட்டிகளையும் கழற்றி, "அசல் வடிவம்" என்று யாராவது விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 12,778-ல் ஒன்று. அவ்வளவுதான்.

நம் நாட்டில் 2021-ல் பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதி வந்தது. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிகளைத் தனியாகப் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய். நல்ல விதிதான். ஆனால் சட்டம், உடல், என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது என்கிறது. அப்படியானால் கார்லினின் ஜீப்பே தேறாது! மாறுதலே சரித்திரமாகிவிட்ட வண்டிக்கும் ஓர் இடம் வேண்டும் என்று நான் நினைக்கிறேன். விதிக்குப் பயந்து எதையும் பிய்த்துப் போட வேண்டாம்.

கோவையில் ஜி.டி. நாயுடுவின் குடும்பத்தார் பழைய கார்களுக்கென்று காட்சிசாலையே வைத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் அந்த வசதி உண்டா? வாங்க வருகிறவர் குணத்தைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

ஒருவர் அதிக விலை தருகிறார். ஹோட்டல் வாசலில் நிறுத்தி, கலர் பல்பு மாட்டப் போகிறார். இன்னொருவர் குறைவாகத் தருகிறார். ஆனால் வந்ததும் வராததுமாகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுக்கிறார். நானாக இருந்தால் இரண்டாமவருக்கே கொடுப்பேன். பணம் குறைவதில் வருத்தம் இருக்கும். வீட்டில் அம்மாள் இரண்டு நாள் பேசமாட்டார்.

எந்தத் தொட்டியை எப்போது வைத்தீர்கள், எந்த இடத்தில் ஒட்டுப் போட்டீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக் கொடுங்கள். சாவியை மட்டும் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். ஏரிக்கரை வரை கூடவே போங்கள். இந்த வண்டியின் அடியில் தண்ணீரை வடிக்க அடைப்பான் உண்டு. அதை மாட்ட மறந்தால் வண்டி முழுகிவிடும். இறங்குமுன், அது இருக்கிறதா என்று வாங்கியவரையே குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.