சிரித்துச் சமாளிக்கிறோமா?

“நான் மேடையேறினால் அரங்கமே காலியாகிவிடும்!” வகுப்பில் குழுப் படைப்பு என்றாலே நான் சொல்லும் நகைச்சுவை இது. அண்மையில் தேக்கா நிலையத்தில் நண்பர்களுடன் தேநீர் அருந்தியபோதும் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு தோழி மட்டும், “உண்மையாகவே பயமா?” என்று கேட்டாள். பதில் சொல்லாமல், குழு வாட்ஸ்அப்பில் ஒரு வடிவேலு ஸ்டிக்கரை அனுப்பித் தப்பித்தேன்.

ஆனால், அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

மனநலக் கழகம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட தேசிய இளையர் மனநல ஆய்வில், 15 முதல் 35 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 2,600 பேர் பங்கேற்றனர். அவர்களில் 27 விழுக்காட்டினரிடம் கடுமையான அல்லது மிகக் கடுமையான பதற்ற அறிகுறிகள் இருந்தன. அவை எல்லாமே கூச்சம் சார்ந்தவை அல்ல. ஆனாலும், உதவி நாடாதவர்கள் கூறிய காரணங்களில் ஒன்று என்னைச் சிந்திக்க வைத்தது: மற்றவர்கள் தங்களைத் தவறாக நினைப்பார்களோ என்ற கவலை. “நாலு பேர் என்ன சொல்வார்கள்?” என்று கேட்டு வளர்ந்த நமக்கு அது புதிதல்லவே!

அந்தக் கவலையை மறைக்க நகைச்சுவை எளிதான கேடயம். மற்றவர் கேலி செய்வதற்குள் நம்மை நாமே கேலி செய்துவிடுகிறோம். கனடிய உளவியலாளர் ராட் மார்ட்டினும் அவரது குழுவினரும் 2003ல் நகைச்சுவையை நான்கு வகையாகப் பிரித்தனர். நட்பை வளர்ப்பது, சோதனையிலும் நம்மைத் தேற்றுவது, பிறரைத் தாக்குவது, பிறரைச் சிரிக்க வைக்க நம்மையே தாழ்த்திக்கொள்வது. முதல் இரண்டும் பொதுவாக நல்ல மனநலத்துடன் தொடர்புடையவை. கடைசி வகையோ பதற்றம், மனச்சோர்வு, குறைந்த தன்மதிப்பு ஆகியவற்றுடன் சேர்ந்தே காணப்படுகிறது.

அதற்காகச் சிரிப்பதை நிறுத்த வேண்டியதில்லை. சிரித்த பிறகு மனம் இலேசாகிறதா, இல்லை சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறதா என்று கவனித்தால் போதும். ஒரே நகைச்சுவையை நண்பர் திரும்பத் திரும்பச் சொன்னால், சிரித்து முடித்ததும் தனியாக ஒரு வார்த்தை கேட்கலாம்.

நண்பரிடம் சொல்லத் தயக்கமா? தேசிய மனநல உதவி எண் 1771 நாள் முழுவதும் இயங்குகிறது. தொலைபேசியில் பேசவே கூச்சப்படுவோர் 6669 1771 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் எழுதலாம்.

தோழிக்கு மறுநாள் பதில் அனுப்பினேன். இம்முறை ஸ்டிக்கர் இல்லை. “ஆமாம், பயம்தான்.” அடுத்த படைப்புக்கு முன் என்னுடன் அமர்ந்து ஒத்திகை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.