புற்றுநோய்ப் பதிவேட்டில் ஒரு கட்டம் குறைகிறது

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு என்றால் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்தாறு வாரம் வர வேண்டும். கொட்டாம்பட்டியிலிருந்தோ பேரையூரிலிருந்தோ மதுரைக்கு வந்து போகிற கூலிக்காரப் பெண்ணுக்கு அது ஐந்தாறு வாரக் கூலி. காப்பீட்டு அட்டை மருத்துவச் செலவைப் பார்த்துக்கொள்ளும். அடுப்பெரிய அது உதவாது. பாதியில் நின்றுவிடுகிறவர்களை நம் காலனிகளில் பார்க்கிறோம். ஊர் அதை விதி என்கிறது. ஆனால் நோய் கண்டறிந்த தேதி, நோயின் நிலை, சிகிச்சை முடிந்ததா நின்றதா என்பதெல்லாம் மருத்துவமனைப் பதிவேட்டில் எழுதப்பட வேண்டியவை. எழுதியதைக் கூட்டிப் பார்த்தால் அது விதி அல்ல, கணக்கு என்று தெரியும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981இல் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தைத் தொடங்கியது. அந்தக் கணக்கு என்ன செய்யும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 1985 வரை மதுரை மாவட்டமாக இருந்த திண்டுக்கல்லே சாட்சி. 2000 முதல் 2003 வரை அங்கே 30 வயதிலிருந்து 59 வயது வரையுள்ள கிராமப் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனை நடந்தது. கருவி பெரிதாக ஒன்றுமில்லை. அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்ப்பதுதான். அம்பிளிக்கை புற்றுநோய்ப் பதிவேடு இருந்ததால் முடிவை எண்ணிச் சொல்ல முடிந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்நோய் 25 விழுக்காடும், அதனால் நேர்ந்த சாவு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. 2007இல் 'லான்செட்' மருத்துவ இதழ் அதை வெளியிட்டது.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் உண்டு. தகுதியுள்ள 49,311 பெண்களில் வந்தவர்கள் 31,343 பேர். மீதி ஏறக்குறைய 18,000 பேர் யார்? எந்தத் தெரு? முகாம் எங்கே போடப்பட்டது, ஊர்த் தெருவிலா, சேரியிலா?

அந்தப் பதிவேட்டில் கல்வி குறிக்கப்பட்டிருந்ததால், பள்ளிக்கே போகாத பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய் கூடுதல் என்பது பின்னர் தெரியவந்தது. கட்டம் இருந்தது, வேறுபாடு தெரிந்தது. சாதிக்கு அந்தக் கட்டம் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு இருபது பேர் பட்டியல் சாதியினர். நோய் முற்றிய பிறகு மருத்துவமனைக்கு வருகிறவர்களில் நம்மவர் நூற்றுக்கு எத்தனை? தேசியப் பதிவுத் திட்ட அறிக்கைகள் வயது, பால், பகுதி, நோய் கண்ட உறுப்பு என்று பிரித்துச் சொல்கின்றன, இதைச் சொல்வதில்லை.

நோயாளியிடம் சாதி கேட்கலாமா என்பார்கள். பள்ளிச் சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் கேட்கிற அரசு இங்கே மட்டும் கூச்சப்பட வேண்டியதில்லை. பெயரோடு வெளியிடச் சொல்லவில்லை; மொத்த எண்ணிக்கை போதும். சொல்ல விரும்பாதவருக்குச் சொல்லாமலிருக்கும் உரிமை வேண்டும். மருத்துவர் மேசையிலோ வார்டிலோ அது தெரியவும் கூடாது.

மருத்துவமனைப் பதிவேடு வாசல் வரை வந்தவரைத்தான் எண்ணும். வீட்டிலேயே இறந்தவரின் நோய், கிராம நிர்வாக அலுவலரின் இறப்புப் பதிவில் வெறும் 'வயிற்று வலி' என்று முடிந்துபோகலாம். இரண்டையும் ஒன்றியவாரியாக ஒப்பிட வேண்டும். எந்த ஒன்றியத்தில் எத்தனை பேர் சிகிச்சையைப் பாதியில் விட்டார்கள் என்பதை மாவட்ட நிர்வாகம் ஆண்டுக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். விட்டவர்களைத் தேடிச் செல்லவும், சிகிச்சை நாட்களுக்குக் கூலி ஈடு தரவும் வழி காண வேண்டும்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு இதைத் தீர்மானமாக எழுதிக் கொண்டுபோகும் வேலையைக் கல்லூரி மாணவர்கள் எடுத்துக்கொள்ளலாம். காலனியில் நின்றுபோன சிகிச்சைகள் எத்தனை என்று, பெயர் இல்லாமல், முதலில் நாமே எண்ணிவிடுவோம்.