மேற்கோள் கணக்கும் புலமையின் மதிப்பும்

உலகின் முன்னணி 2 வீத ஆய்வாளர்களின் பட்டியல் ஆண்டுதோறும் வெளியாகும்போது, இலங்கைப் பல்கலைக்கழகங்கள் அதில் இடம்பெற்ற தமது ஆசிரியர்களைப் பெருமையுடன் அறிவிக்கின்றன. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் அயோனிடிஸ் குழுவினர் தயாரிக்கும் இப்பட்டியல், ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் பதிவான மேற்கோள்களை அடிப்படையாகக் கொண்டது. 2005இல் பௌதிகவியலாளர் ஜோர்ஜ் ஹேர்ஷ் முன்வைத்த எச் சுட்டெண்ணும் மேற்கோள்களையே எண்ணுகின்றது. ஒருவரின் 10 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 10 தடவை எடுத்தாளப்பட்டிருந்தால் அவரது சுட்டெண் பத்தை எட்டும்.

இக்கணக்கில் சேராதவை எவை என்பதே இங்கு கேள்வி. பேராசிரியர்கள் கைலாசபதி, சிவத்தம்பி, உவைஸ் ஆகியோரின் தமிழ் நூல்களைத் தமிழ் நூல்கள் எத்தனை முறை எடுத்தாண்டாலும், அவற்றில் பெரும்பாலானவை அத்தரவுத்தளத்தில் பதிவாவதில்லை.

திருகோணமலை மாவட்டத்தின் கிளிவெட்டியை எடுத்துக்கொள்வோம். 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் அங்குள்ள முகாமில் பல ஆண்டுகள் வாழ்ந்தனர். அவர்களது காணிப் பிரச்சினையை ஆராய்பவர் தமிழில் எழுதினால் மூதூர்ப் பிரதேசத் தமிழரும் முஸ்லிம்களும் வாசிக்க முடியும். ஆனால் சுட்டெண் உயராது. ஆங்கிலச் சஞ்சிகையில் எழுதினால் சுட்டெண் உயரலாம்; யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்களில் பலருக்கு அது எட்டாது. இளம் ஆய்வாளர் எதைத் தெரிவுசெய்வார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உள்ளூர் சார்ந்த ஆய்வின் தரம் பாதுகாக்கப்பட வேண்டுமென 2015இல் வெளியான லெய்டன் பிரகடனம் வலியுறுத்தியது. எண்ணிக்கை துணைச் சான்றாக இருக்கட்டும். பதவி உயர்வைத் தீர்மானிப்போர் ஆய்வை வாசித்தே மதிப்பிடல் வேண்டும். தமிழில் எழுதப்பட்டதைத் தமிழறிந்தோரே மதிப்பிடல் வேண்டும்.