உயரத்தை நம்பாதீர்கள், டயரைப் பாருங்கள்

புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு பனிக்கால டயரைப் பற்றி எழுதுகிறானே, இவனுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். மார்கழி விடியலில் புல்லின் மேல் நிற்கும் ஈரம்தான் நமக்குப் பனி. ஆனால் நம்மில் எத்தனை பேருக்குப் பிள்ளையோ பெண்ணோ பிரான்சில் இருக்கிறார்கள்! அவர்களில் சிலர் மலைப்பக்கம் வீடு வாங்கி, பெரிய சக்கரம் வைத்த வண்டியும் ஓட்டுகிறார்கள். என் மாப்பிள்ளை அப்படி ஒருவர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மகள் குடும்பம் இருப்பது கிரெனோபிள் நகருக்கு மேலே, வெர்கோர் மலையில், வில்லார்-த-லான்ஸ் பக்கம். நகரம் சுமார் 200 மீட்டர் உயரத்தில் என்றால், இவர்கள் வீடு 1000 மீட்டருக்கு மேல். கீழே மழை என்றால் மேலே பனி. மாப்பிள்ளையிடம் இருப்பது பழைய சுசூக்கி ஜிம்னி. நம் ஊரில் போலீஸ்காரர்கள் ஓட்டிய மாருதி ஜிப்ஸிக்குத் தம்பி முறை. அதன் ஸ்பிரிங்கை மாற்றி 5 செ.மீ. உயர்த்தி, பெரிய பட்டன் வைத்த சேற்று டயர் மாட்டியிருந்தார். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. பேத்தி அதைப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்வதுபோல் 'கத்-கத்' (நாலுக்கு நாலு) என்பாள். ஏறி உட்கார எனக்குத்தான் ஒரு முக்காலி தேவைப்பட்டது.

2025 ஜனவரி. பேத்தியைக் கீழே கிரெனோபிளில் விட வேண்டும். நானும் கூடப் போனேன். ஆங்ழேன் பள்ளத்தாக்கு வழியாக இறங்கும் சாலை. வேகம் 30-க்கு மேல் இல்லை. ஒரு வளைவில் மாப்பிள்ளை பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை. திருப்பினார். திரும்பவும் இல்லை. நேராக வழுக்கிக்கொண்டு போய், பனி அள்ளும் வண்டி ஓரத்தில் குவித்து வைத்திருந்த பனிமேட்டில் முட்டி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளம்.

பின்னால் ஒரு சின்ன ரெனோ ட்வீங்கோ. ஓட்டி வந்தவருக்கு என் வயது இருக்கும். அதே வளைவில், அதே பனியில், அலுங்காமல் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார் அந்த மதாம். எங்களைப் பார்த்தார், டயரைப் பார்த்தார். "மிசியே, இது சேற்றுக்கான டயர். இந்த மலைக்கு இல்லை" என்றார் பிரெஞ்சில். கோபமில்லை, கேலியில்லை. பேத்தி என் கையை விடவே இல்லை.

அன்று இரவு என் மனைவி முன்கூட்டியே எச்சரித்துவிட்டாள்: "மாப்பிள்ளைகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. அவர் வண்டி, அவர் இஷ்டம்." நம் வழக்கம் அதுதானே. பெண் கொடுத்த வீட்டில் வாயைத் திறப்பதற்கு யோசிக்க வேண்டும். ஆனால் மாப்பிள்ளையே பேச்சை எடுத்தார். "மாமா, டயர்ல எம்+எஸ் போட்டிருக்கு. சட்டப்படி சரியாத்தான் இருக்கு" என்றார்.

சட்டம் என்று சொன்னால் எனக்குச் சும்மா இருக்க முடியாது. படித்தது பிரெஞ்சு வழி, உழைத்தது அரசு அலுவலகத்தில், கோப்புகளின் நடுவில். மறுநாள் காலை காபியோடு அந்த அரசாணையை எடுத்துப் படித்தேன். 2020 அக்டோபரில் வந்தது; 2021 நவம்பர் 1 முதல் நடைமுறை. ஆல்ப்ஸ், பிரனே, ழூரா, வோழ் முதலிய மலைப்பகுதிகளில் அரசு குறித்த ஊர்களில், ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, நான்கு சக்கரத்திலும் பனிக்கால டயர் இருக்க வேண்டும். இல்லையென்றால் சங்கிலியோ துணி உறையோ வண்டியில் இருக்க வேண்டும். எம்+எஸ் முத்திரை மட்டும் உள்ள டயரைச் சில ஆண்டுகள் பொறுத்துக்கொண்டார்கள். 2024 நவம்பர் 1-ஓடு அந்தச் சலுகை முடிந்தது. மாப்பிள்ளைக்குத் தெரிந்தது போன வருஷத்துச் சட்டம்.

எம்+எஸ் என்றால் 'சேறும் பனியும்' என்று பொருள். டயரின் வரிக்கோலத்தை வைத்து, செய்கிற கம்பெனியே போட்டுக்கொள்வது. பனியில் ஓட்டிச் சோதித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இப்போது கேட்பது வேறு முத்திரை: மூன்று சிகரம் உள்ள மலை, அதற்குள் ஒரு பனிப்பூ. பனியின் மேல் சோதித்து, குறித்த அளவு பிடிப்பு காட்டினால்தான் அதைப் பொறிக்கலாம். நம் பாஷையில் சொன்னால், முன்னது நாமே கையெழுத்துப் போட்டுக்கொண்ட நகல். பின்னது பச்சை மசியில் அதிகாரி சான்றொப்பம் இட்ட நகல். எதை மேசையில் ஏற்றுக்கொள்வோம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சட்டத்தை விடுங்கள். டயரின் குணத்தைப் பாருங்கள். சேற்று டயரின் பட்டன் பெரிது, இடைவெளி அகலம். சேற்றை வாரி வெளியே எறிவதற்காகச் செய்தது. இறுகிய பனியிலும் ஐஸிலும் அந்தப் பெரிய பட்டன் மொழுக்கென்று வழுக்கும். குளிரில் அதன் ரப்பரும் விறைத்துப் போகும். பனிக்கால டயரின் ரப்பர், வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனாலும் இளகியே இருக்கும். ஒவ்வொரு பட்டனிலும் பிளேடால் கீறியதுபோல் மெல்லிய வெட்டுகள் இருக்கும். அந்த நூற்றுக்கணக்கான விளிம்புகள்தான் பனியைக் கவ்வுகின்றன.

வண்டியை உயர்த்தியதால் பிடிப்பு கூடியதா? ஒரு துளியும் இல்லை. எடை மேலே போனது, வளைவில் சாய்வது கூடியது. நான்கு சக்கரமும் இழுப்பது வண்டியைக் கிளப்ப உதவும், மேடு ஏற்ற உதவும். நிறுத்தும்போது? ட்வீங்கோவுக்கும் நான்கு சக்கரத்தில்தான் பிரேக், ஜிம்னிக்கும் நான்கு சக்கரத்தில்தான். உயர்ந்த வண்டி நம்மைக் காப்பாற்றும் என்ற எண்ணம்தான் பெரிய ஆபத்து. அந்த மதாமுக்கு அந்த எண்ணம் இல்லை. நல்ல டயர் இருந்தது.

அடுத்த கேள்வி, எந்த அளவு வாங்குவது? கம்பெனி மாட்டித் தந்தது 205/70 ஆர் 15. மாப்பிள்ளை மாட்டியிருந்தது 215/75 ஆர் 15. பழைய அளவுக்குத் திரும்பினால் உயரம் போய்விடுமே என்று அவருக்குக் கவலை. காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டுக்கும் விட்டத்தில் வித்தியாசம் மூன்றரை செ.மீ.; தரையிலிருந்து உயரம் குறைவது அதில் பாதி, 2 செ.மீ.கூட இல்லை. ஸ்பிரிங்கால் வந்த 5 செ.மீ. அப்படியே இருக்கும். மாறாக லாபம் பல. குறுகலான டயர் புதுப்பனியை அழுத்திக்கொண்டு கீழே பிடிமானம் தேடும். சக்கரத்தைச் சுற்றி இடம் இருப்பதால் சங்கிலி உரசாமல் மாட்டலாம். வேகமானியும் பொய் சொல்லாது. பெரிய டயரில் அது 50 காட்டும்போது வண்டி 52, 53-ல் போய்க்கொண்டிருக்கும்.

இத்தனையும் சொன்ன பிறகு மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. வரம்பு மீறிவிட்டோமோ என்று எனக்கு உதறல். பிறகு, "ரெண்டு செட்டு டயர்னா செலவு மாமா" என்றார். உண்மைதான். ஆனால் ஒரு செட் ஓடும்போது மற்றது ஓய்வெடுக்கிறது. தேய்மானம் பாதிப் பாதி. சனிக்கிழமை கடைக்குப் போனோம். நான்கு பனிக்கால டயர், நான்கு சாதா இரும்பு ரிம். சேற்று டயரைக் கோடைக்கென்று கராஜில் அடுக்கி வைத்தார். அவருடைய ஆசையையும் நான் பறிக்கவில்லை.

ஒரு செட்தான் வாங்க முடியும் என்பவர்களுக்கும் வழி உண்டு. எல்லாத் தரைக்குமான டயர்களில் மலை முத்திரை பெற்றவை இருக்கின்றன. பிஎஃப் குட்ரிச் கே.ஓ.2 அப்படி ஒன்று. நடுத்தரமான ஏற்பாடு. ஆனால் தினமும் குழந்தையை ஏற்றிக்கொண்டு ஐஸ் படிந்த தார்ச்சாலையில் இறங்குகிறவர் அசல் பனிக்கால டயரே போட வேண்டும் என்பது என் கட்சி.

ஆகவே அன்பர்களே, பிரான்சில் பிள்ளைகள் உள்ளவர்கள் போனில் "சாப்பிட்டியா" என்று கேட்டதும் இன்னும் நான்கு கேள்வி கேளுங்கள். டயரில் மலைச் சின்னம் இருக்கிறதா? நான்கும் ஒரே மாதிரியா? பள்ளம் 4 மில்லிமீட்டராவது மிச்சமிருக்கிறதா? (1.6 வரை சட்டம் விடும், பனி விடாது.) எந்த வருஷத்து டயர்? கடைசிக் கேள்விக்குப் பதில் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத்தில் இருக்கும். 3223 என்றால் 2023-இன் 32-ஆவது வாரம். மருந்துச் சீட்டில் தேதி பார்க்கிற நமக்கு இது பெரிய வித்தையா?

தேதியை நினைவு வைப்பதும் எளிது. நவம்பர் 1 நமக்கு விடுதலை நாள். கடற்கரைச் சாலையில் கொடியேற்றம் முடிந்து வீடு திரும்பியதும் மகளுக்குப் போன் போடுவேன். இந்த முறை நான் கேட்பதற்குள் பேத்தி ஒரு போட்டோ அனுப்பிவிட்டாள். கறுப்பு ரப்பர், அதில் மூன்று சிகரம், நடுவில் பனிப்பூ. கீழே எழுதியிருந்தாள்: "அப்பாவே மாட்டினார், தாத்தா. நீங்க சொல்றதுக்கு முன்னாடியே."