புகழ்வதற்கு முன் கேட்க வேண்டியது

இரண்டாம் உலகப் போரைப் பற்றிய பேச்சு எழுந்தால், காஞ்சிபுரத்துத் தேநீர்க் கடைகளிலும் 'ஜெர்மன்காரன் செய்தால் செய்ததுதான்' என்னும் வியப்பு உடனே எழுகின்றது. இவ்வியப்பு நமக்குப் புதிதன்று. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளை எரித்த ஜெர்மன் போர்க்கப்பலின் பெயரையே எடுத்து, 'அவன் பெரிய எம்டன்' என்று கெட்டிக்காரனை மெச்சிய மக்கள் நாம். அது அச்சத்தில் பிறந்த வேடிக்கை எனலாம். வி-2 ஏவுகணையை வியப்போருக்கு அச்சமாதானம் பொருந்தாது.

1944 செப்டம்பரில் லண்டன்மீது விழத் தொடங்கிய அந்த ஏவுகணை, ஏறத்தாழ ஒரு டன் வெடிமருந்தைச் சுமந்து ஒலியினும் விரைந்து வந்தது. நம் இளைஞர் அறிந்திருப்பது இவ்வளவே. அதைச் செய்தவர் யார்? 1943 ஆகஸ்டில் பீனமுண்டே ஆய்வுத்தளம் குண்டுவீச்சுக்கு உள்ளானபின், உற்பத்தி நார்ட்ஹவுசன் அருகே மலைச் சுரங்கங்களுக்கு மாறியது. அங்கே உழைத்தவர்கள் டோரா வதைமுகாமின் கைதிகள்: ரஷ்யர், போலந்தியர், பிரெஞ்சுக்காரர். முதற் குளிர்காலத்தில் அவர்கள் உறங்கியதும் சுரங்கத்துக்குள்ளேதான், வெயிலையே காணவில்லை. நாசவேலை செய்ததாக ஐயுறப்பட்டோர் பாரந்தூக்கியில் தூக்கிலிடப்பட்டனர். டோராவிலும் அதன் கிளை முகாம்களிலும் அடைபட்ட சுமார் 60,000 பேரில் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். ஏவுகணை விழுந்து இறந்தோரினும் இத்தொகை பெரிது. அதை வடிவமைத்த வெர்னர் ஃபான் பிரவுனோ, எஸ்.எஸ். அமைப்பில் பதவி வகித்தவர். பின்னர் அமெரிக்காவில் நிலவுப் பயணத்திற்கு ஏவுகணை சமைத்துப் புகழ் பெற்றார்.

'அரசியலை விடுங்கள், தொழில்நுட்பத்தைப் பாருங்கள்' என்பர். பார்ப்போம். 57 டன் எடையுள்ள டைகர் டாங்கிகள் 1,350கூடச் செய்யப்படவில்லை. பழுதாகி நின்றால் இழுத்துச் செல்வதே பெரும்பாடு. ரஷ்யரின் எளிய டி-34 டாங்கிகளோ பல்லாயிரக்கணக்கில் வந்து குவிந்தன. (அந்த ஜெர்மன் தரைப்படை வீரரின் இடைவாரில் 'கடவுள் நம்மோடு' என்று பொறித்திருந்தது. இம்மானுவேல் என்னும் பெயரின் பொருள் அதுவே என்பதை நம் வாசகர் அறிவர்.)

பிறர் வியந்தாலும் காஞ்சியில் வாழும் நாம் வியப்பது தகாது. உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் இணைக்கும் கோர்வைச் சேலைக்குத் தறியில் துணைக்கை ஒன்று வேண்டும். 1990களில் பல தறிகளில் அது, பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்காகப் பள்ளியை விட்ட குழந்தையின் கை. சேலையை வாங்கியவர் சரிகையைத் தடவிப் பார்த்தனர். கையைக் கேட்டவர் சிலரே. தறியும் வதைமுகாமும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. கேளாமை ஒன்றுதான் என்கிறோம்.

ஏவுகணைப் படம் அச்சிட்ட புத்தகங்களைப் பள்ளி நூலகங்களுக்கு வாங்கித் தருவோர், டோராவின் வரலாற்றைச் சொல்லும் நூல் ஒன்றையும் உடன் வாங்கித் தரட்டும்.